புதிய டி.வி.யில் கோளாறு: திருப்பிக் கொடுப்பதா, மாற்றிக்கொள்வதா, பழுது பார்ப்பதா?

"வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. இடப்பக்க ஸ்பீக்கரில் சில சமயம் மட்டும் கரகரப்பு கேட்கிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா, சர்வீஸுக்குச் சொல்லலாமா, இல்லை போகப் போகச் சரியாகிவிடுமா?" டி.வி., சவுண்ட்பார், ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), ப்ரொஜெக்டர் என்று கருவியின் பெயர் மாறுமே தவிர, வாசகர்கள் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் யோசித்து யோசித்தே ஒரு வாரத்தைக் கழித்திருப்பார்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வாரம்தான்.

ஏனென்றால், வாங்கியவருக்கு உள்ள உரிமைகள் எல்லாம் ஒரே நாளில் காலாவதியாவதில்லை. வாரண்டியில் பழுது பார்க்கும் உரிமை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நிற்கும். பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை சில நாட்களில், நீண்டால் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆகவே முதலில் முடியப்போவதை முதலில் கவனிக்க வேண்டும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு முறை வாங்கிய டி.வி.யில், கால்பந்து ஆட்டத்தின்போது கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் பச்சைப் புல்வெளியின் மேல், ஈரத்துணியால் சரியாகத் துடைக்காமல் விட்டது போல ஒரு மங்கலான பட்டை தெரியும். படம் நகரும், பட்டை நகராது. கடையில் சொன்னபோது "சர்வீஸ் ஆள் வந்து பார்க்கட்டும்" என்றார்கள். அவர் வரும் தேதி இரண்டு முறை தள்ளிப்போயிற்று. வந்து பார்த்தவர், "இந்த மாடலில் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், கோளாறு என்று எழுத முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்கும் கெடு அதற்கு மூன்று நாள் முன்பே முடிந்திருந்தது. அந்த டி.வி. இருந்த காலம் முழுவதும் என் கண் பந்தை விட்டுவிட்டுப் பட்டையைத்தான் தேடியது.

எவற்றை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், கெடு. பில்லை எடுத்து, திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் எது என்று பார்த்து, காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நாட்களை எண்ணத் தொடங்குவது பில் போட்ட தேதியிலிருந்தா, பொருள் வீட்டுக்கு வந்த தேதியிலிருந்தா என்பதையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம்கூட இருக்கலாம்.

இரண்டாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: கோளாறு உங்களுக்கு வந்த அந்த ஒரு பெட்டியில் உள்ளதா, அல்லது அந்த மாடலின் இயல்பே அதுவா? ஒரு பெட்டியின் கோளாறு என்றால் அதே மாடலில் வேறொன்று வாங்கினால் தீர்ந்தது. மாடலின் இயல்பு என்றால் பத்து முறை மாற்றினாலும் அதே குறைதான் வீட்டுக்கு வரும். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு மாடலைப் பார்ப்பதுதான் வழி. இதைப் பிரித்தறியாமல் எடுக்கும் முடிவுகள்தான் பெரும்பாலும் தவறிப்போகின்றன. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில், அதே காட்சியை ஓடவிட்டுப் பாருங்கள். அங்கேயும் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது, கோளாறு வளருமா, அப்படியே நிற்குமா என்பது. அணைந்துபோன ஒரு பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளில் ஒன்று, பல ஆண்டுகள் ஒற்றைப் புள்ளியாகவே இருக்கலாம். திரையின் மேலிருந்து கீழ்வரை ஓடும் நிறக்கோடு அப்படியல்ல. பேனலின் விளிம்பில் உள்ள மெல்லிய இணைப்புகளில் ஏதோ விடுபடுகிறது என்பதற்கு அது அடையாளம். இன்று ஒரு கோடு, பிறகு நான்கு. கருவி தானாக அணைந்து மறுபடி இயங்குவது, திரைக்குப் பின்னிருந்து வரும் வெளிச்சம் துடிப்பது, கருகும் வாடை அடிப்பது எல்லாம் இந்த வகைதான். கருகும் வாடை வந்தால் யோசிக்க வேண்டியதே இல்லை. மின் இணைப்பை எடுத்துவிட்டுக் கடைக்குச் சொல்லுங்கள்.

நான்காவது, கோளாறை மற்றவருக்குக் காட்ட முடியுமா என்பது. எப்போதோ ஒரு முறை தலைகாட்டும் கோளாறு, சர்வீஸ் ஆள் வரும் நேரம் பார்த்து ஒளிந்துகொள்ளும். காட்ட முடியாத கோளாறைப் பழுது பார்க்க முடியாது.

ஐந்தாவது, பில்லில் வராத செலவுகள். அவற்றை ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், கோளாறு கருவியில்தானா?

இந்தச் சோதனைக்கு ஒரு மாலை நேரம் போதும். இதைச் செய்யாமல் திருப்பிக் கொடுத்தவர்களின் வீட்டில், புதிதாக வந்த கருவியிலும் அதே கோளாறு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீக்கரில் கரகரப்பா? ரிசீவரை அணைத்து மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இட, வல ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். மீண்டும் அதே பாட்டின் அதே இடத்தைக் கேளுங்கள். கரகரப்பு வலப்பக்கம் போய்விட்டால் ஸ்பீக்கர் நல்லதுதான். கோளாறு ரிசீவரிலோ, அதற்குப் பாட்டை அனுப்பும் கருவியிலோ இருக்கிறது. இடப்பக்கமே நின்றால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோதான். இதைச் சொல்லிக் கடையில் பேச்சைத் தொடங்கினால் உங்கள் பேச்சுக்கு வரும் மரியாதையே வேறு.

விடாமல் ஒரு ரீங்காரம் கேட்கிறதா? அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், அதாவது வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணில், அல்லது அதன் இரட்டிப்பில் ஒலிக்கும். கேபிள் அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால், கருவிகள் இரண்டு வழிகளில் பூமியோடு இணைந்து மின்சுற்று ஒன்று உருவாகியிருக்கிறது. கருவியின் மேல் பழி இல்லை. இதற்கு மருந்தாகச் சிலர் பிளக்கின் எர்த் முனையையே நீக்கிவிடுகிறார்கள். உயிருக்கே ஆபத்தான வேலை அது. செய்யாதீர்கள்.

திரையில் தூறல் போல வெள்ளைப் பொட்டுகளா, படம் ஒரு நொடி கறுத்து மறுபடி வருகிறதா? படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளைச் சந்தேகியுங்கள். 4கே படத்தை நொடிக்கு 60 பிரேமில் காட்ட, நொடிக்கு 18 கிகாபிட் வரை தாங்கும் கேபிள் போதும். 120 பிரேம் விளையாட்டுகளுக்கு 48 கிகாபிட் கேபிள் தேவைப்படும். அலமாரியில் கிடந்த பழைய கேபிள் இரண்டையும் தாங்காமல் போகலாம். நடுவில் இருக்கும் சவுண்ட்பாரையும் ரிசீவரையும் விலக்கி, குட்டையான ஒரு நல்ல கேபிளால் பிளேயரை நேராக டி.வி.யோடு இணைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி டி.வி.யில் இருண்ட காட்சிகளின்போது நெடுக்குப் பட்டைகள் தெரிந்தால் சற்றுப் பொறுக்கலாம். அந்த வகை டி.வி.கள் சில மணி நேரம் ஓடி அணைந்த பிறகு, ஸ்டாண்ட்பையில் இருந்தபடியே பிக்சல்களைச் சீர்செய்துகொள்ளும். இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் பழக்கம் உள்ள வீடுகளில் இந்த வேலை நடப்பதே இல்லை. ஒரு வாரம் சுவிட்சைப் போட்டே வைத்துவிட்டு, பிறகு பாருங்கள். எல்இடி டி.வி.யில் தெரியும் பட்டைக்கோ மூலையில் கசியும் வெளிச்சத்துக்கோ இப்படி ஒரு வைத்தியம் கிடையாது.

உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் போவது பெரும்பாலும் அமைப்புகளில் தீரும் விஷயம். ஆடியோ தாமதம் என்ற அமைப்பைத் திருத்தினாலே பல சமயம் போதும்.

கடைசியாக, மென்பொருள் புதுப்பிப்பு. அதைச் செய்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் "அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்" என்ற வாக்குறுதியை நம்பிக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். 2020-இல் வெளிவந்த, எச்டிஎம்ஐ 2.1 வசதி கொண்ட ரிசீவர்கள் பலவற்றில், அவை வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்றாலும், ஒரே மாதிரிச் சிப்பில் பிழை இருந்தது. அன்றைய புதிய கேம் கன்சோல் ஒன்றிலிருந்து 4கே, 120 பிரேமில் படம் அனுப்பினால் திரை கறுத்துப்போனது. பிழை சிப்பிலேயே இருந்ததால் புதுப்பிப்பால் தீரவில்லை. சில நிறுவனங்கள் இடையில் மாட்டும் சிறு பெட்டியைக் கொடுத்தன. போர்டையே இலவசமாக மாற்றித் தந்த நிறுவனமும் உண்டு. அதுவரை வாங்கியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வழி 1: பணத்தைத் திரும்பப் பெறுதல்

குறை மாடலின் இயல்பாக இருந்தாலோ, கோளாறு எப்போதாவது மட்டும் தலைகாட்டினாலோ இதுதான் சிறந்த வழி. ஏற்கெனவே மாற்றித் தந்த கருவியும் பழுதாகிவிட்டது என்றால் எனக்கு இரண்டாவது எண்ணமே வராது.

இதன் மறைமுகச் செலவுகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். படிவத்தில் "பிடிக்கவில்லை" என்று எழுதுவதும் "கோளாறு" என்று எழுதுவதும் ஒன்றல்ல. பிடிக்காமல் திருப்பித் தரும் பொருளுக்கு அனுப்பும் செலவை உங்கள் தலையில் கட்டலாம், பிரித்த பெட்டி என்று ஒரு தொகையைக் கழிக்கலாம். கோளாறான பொருள் என்றால் அந்தச் சுமை விற்றவரைச் சேர வேண்டும் என்பதே பெரும்பாலான இடங்களில் நடைமுறை. ஆகவே, கோளாறு என்றால் கோளாறு என்றே, அது எப்படித் தெரிகிறது என்ற விவரத்தோடு எழுதுங்கள். கையில் கிடைப்பது பணமா, அதே கடையில் மட்டும் செல்லும் கிரெடிட் நோட்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். தள்ளுபடி விலையில் வாங்கியிருந்தால், திரும்ப வரும் பணத்துக்கு அதே தரத்தில் இன்னொன்று இப்போது கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். டி.வி.யோடு வந்த இலவசப் பொருளையும், தனியாகக் கட்டிய கூடுதல் வாரண்டியையும் கணக்கில் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வழி 2: அதே மாடலில் வேறொன்று

மாடல் பிடித்திருக்கிறது, கோளாறு இந்தப் பெட்டியில் மட்டும்தான் என்றால் இதுவே நேர்வழி. இயங்காத போர்ட், இறந்த ஸ்பீக்கர், பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும் பிக்சல், வழியில் அடிபட்டு வளைந்த சட்டம் போன்றவை இதில் சேரும்.

ஆனால் திரையின் சீரான வெளிச்சம் என்று வரும்போது மாற்றுவதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. ஒரே மாடலின் இரண்டு பேனல்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல இருப்பதில்லை. முதலாவதில் இடப்பக்கம் இருந்த பட்டை, இரண்டாவதில் நடுவில் வந்து உட்காரலாம். எனவே பழையதை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே புதியதை ஓடவிட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரே சாம்பல் நிறம் திரை முழுதும் நிறைந்திருக்கும் படத்தைப் பென் டிரைவில் தயாராக வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலைதான்.

கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. தருவது புதிய பெட்டியா, செப்பனிட்டதா? திருப்பிக் கொடுக்கும் கெடுவும் வாரண்டியும் இன்றிலிருந்து புதிதாகத் தொடங்குமா, பழைய பில் தேதியிலிருந்தா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மின்னஞ்சல் போதும்.

வழி 3: வாரண்டியில் பழுது பார்த்தல்

கெடு இன்னும் இருக்கும்போது கடைக்காரர் முதலில் சொல்லும் வழி இதுவாகத்தான் இருக்கும். அவருக்கு இது சௌகரியம். உங்களுக்கு அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை.

நான்கு நாள் முன்பு சீல் பிரித்த டி.வி.யின் முதுகைக் கழற்றிப் பேனலை மாற்றினால், அது புதிய டி.வி.யாக இருப்பதில்லை. கழற்றும்போது கிளிப்புகள் உடையலாம், பேனலுக்குப் பின்னால் தூசி புகலாம், உதிரிபாகம் வரும்வரை நீங்கள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க நேரலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு நாட்கள்தான். சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்கும்போதும் கெடு ஓடிக்கொண்டேயிருக்கிறது. "பரிசோதனை முடியும்வரை திருப்பிக் கொடுக்கும் உரிமை நிற்கும்" என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் காத்திருங்கள்.

பழுது பார்ப்பதே மேல் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. பெரிய ஸ்பீக்கர் ஜோடியில் ஒரு ட்வீட்டர் (கீச்சொலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) மட்டும் போயிருந்தால், நான்கு திருகுகளைக் கழற்றி மாற்றும் வேலை அது. பெட்டியோடு தூக்கி அனுப்புவதில்தான் சேதம் அதிகம். கூரையில் பொருத்தி, அளவெடுத்துச் சரிசெய்த ப்ரொஜெக்டரும் இப்படித்தான். வாங்கிய மாடல் சந்தையில் தீர்ந்துபோய், அந்த விலைக்கு ஈடாக வேறொன்று இல்லை என்றாலும் பழுது பார்க்கலாம். கெடு முடிந்துவிட்டால் கையில் இருப்பதும் பெரும்பாலும் இந்த வழிதான். அப்போது ஒவ்வொரு வருகைக்கும் புகார் எண்ணும், ஆள் எழுதிய தாளும் உங்களிடம் இருக்க வேண்டும். அதே கோளாறு மூன்றாம் முறை வரும்போது, மாற்றித் தரக் கேட்க அந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும்.

வழி 4: அப்படியே வைத்துக்கொள்ளுதல்

நான்கில் இதைத்தான் மனிதர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் தேர்ந்தெடுக்காமலே. நாள் கடந்துபோவதால் தானாக நேர்ந்துவிடுகிறது. தெரிந்தே எடுத்தால் தவறான முடிவல்ல. பக்கவாட்டில் ஒரு கீறல், திரையின் ஓரத்தில் ஒற்றைக் கறுப்புப் பிக்சல் போன்ற, வளராத குறைகளுக்கு விலையில் ஒரு பகுதியைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். பெட்டியைத் திரும்ப எடுத்துப்போகும் செலவு மிச்சம் என்பதால் பல கடைகள் இறங்கிவருகின்றன.

பிக்சல் விஷயத்தில் ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. 4கே திரையில் 3840-க்கு 2160 என்று, ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் பிக்சல் இரண்டையும், எப்போதும் அணைந்திருக்கும் பிக்சல் இரண்டையும் அனுமதித்தது. அதை இன்றைய 4கே திரைக்குப் போட்டால் பதினாறு கறுப்புப் புள்ளிகள் வரை "கோளாறு இல்லை" என்றாகிறது. அந்தத் தரநிலையின் இடத்துக்குப் பிறகு ஐஎஸ்ஓ 9241 வரிசை வந்தது. ஆனாலும் சில புள்ளிகள் இருக்கலாம் என்ற அணுகுமுறை வாரண்டி நிபந்தனைகளில் இன்றும் தொடர்கிறது. கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்தால் ஒரே ஒரு புள்ளிக்காகவும் கடை ஏற்கக்கூடும். வாரண்டிக்குப் போனால் எண்ணிக்கை போதாது என்று திருப்பி அனுப்புவார்கள்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி: பிடித்த படம் ஒன்றை முழுதாகப் பாருங்கள். முடிந்த பிறகு, எத்தனை முறை கண் அந்தக் குறைக்குப் போயிற்று என்று நினைத்துப் பாருங்கள். ஒரு முறையும் இல்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு முறை என்றால், பணம் குறைத்துத் தந்தாலும் வேண்டாம் என்பேன்.

ஒரே பார்வையில்

| | பணம் திரும்ப | வேறொன்று | பழுது பார்த்தல் | வைத்துக்கொள்ளுதல் |
|---|---|---|---|---|
| கெடு | மிகக் குறுகியது | குறுகியது | வாரண்டி முடியும்வரை | கெடு இல்லை. விலைக்குறைப்பை மட்டும் உடனே கேட்க வேண்டும் |
| மாடலின் குறை | தீரும் | தீராது | தீராது | தீராது |
| அந்தப் பெட்டியின் கோளாறு | தீரும் | பெரும்பாலும் தீரும் | தீரலாம் | தீராது |
| எப்போதாவது வரும் கோளாறு | மிக ஏற்றது | ஏற்றது | கடினம் | ஆபத்து |
| மறைமுகச் செலவு | மறுபடி தேடும் அலைச்சல், கழிவுத் தொகை | புதியதிலும் குறை வரும் வாய்ப்பு | காத்திருப்பு, பிரித்த கருவி | தினமும் கண்ணில் படுவது |

கெடுவுக்குள் செய்துவிட வேண்டியவை

மின்னணுக் கருவிகள் பழுதாவது தொடக்கத்தில் அதிகம், நடுவில் குறைவு, முதுமையில் மறுபடி அதிகம். பொறியாளர்கள் இதைக் குளியல்தொட்டியின் வடிவத்தோடு ஒப்பிடுவார்கள். அதனால் புதிய கருவியைப் பொத்திப் பொத்தி வைக்காமல் முதல் இரண்டு வாரம் நன்றாக ஓட விடுங்கள். இப்போது தேவைப்படாத போர்ட்களையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். மூன்றாவது எச்டிஎம்ஐ போர்ட் பிறந்ததிலிருந்தே வேலை செய்யவில்லை என்பது, ஓராண்டு கழித்து கேம் கன்சோல் வாங்கும்போது தெரியவந்தால் பயனில்லை. அட்டைப்பெட்டி, தெர்மாகோல், ரிமோட் சுற்றியிருந்த உறை எல்லாம் கெடு முடியும்வரை பத்திரமாக இருக்கட்டும்.

கோளாறைச் செல்பேசியில் வீடியோ எடுக்கும்போது, ஒரே காட்சியில் கருவியின் பின்னால் உள்ள வரிசை எண்ணிலிருந்து தொடங்கித் திரைக்கு வாருங்கள். இந்தப் பெட்டியில்தான் இந்தக் கோளாறு என்பதில் பிறகு சந்தேகம் எழாது. திருப்பிக் கொடுப்பதென்று முடிவானால், டி.வி.யில் நுழைந்திருக்கும் உங்கள் கணக்குகளிலிருந்து எல்லாம் வெளியேறி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிடுங்கள். பெரிய திரையை ஒருவராகத் தூக்காதீர்கள். தட்டையாகப் படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள். திரையின் நடுவில் கை அழுந்தாமல் சட்டத்தைப் பிடியுங்கள். பெட்டியை மூடுவதற்கு முன் திரை எரியும் நிலையிலும் அணைந்த நிலையிலும், நான்கு மூலைகளும் தெரியும்படி படம் எடுங்கள். எடுத்துப்போக வருபவரிடம், வரிசை எண்ணும் தேதியும் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்கிய பிறகு பெட்டியை ஒப்படையுங்கள்.